குத்தூசியும் பி-மதிப்பும்: புள்ளியியல் கணக்கு எங்கே தப்புகிறது?

மோல்மீனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இது: தொலைதூரக் கல்வியில் அறிமுகப் புள்ளியியல் பாடம், பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம், ஃபார்முலா எல்லாம் மனப்பாடம், ஆனால் புத்தகத்தின் பின்னால் உள்ள பயிற்சிக் கணக்கைப் போட்டால் பாதிக்கு மேல் தப்பு. நிகழ்தகவு, நம்பிக்கை இடைவெளி, கருதுகோள் சோதனை, இந்த மூன்றிலும் எத்தனை கணக்கு போட்டால் கை பழகும், எதை எப்போது போடுவது என்றே தெரியவில்லையே அக்கா என்கிறார்.

தம்பி, இன்னும் நூறு கணக்கு போட்டாலும் இது தீராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் சில வருடங்களாக இந்தப் பாடத்துக்கு டியூஷன் எடுக்கிறேன், அதற்கு முன் ஒரு பயறுக் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என்னிடம் வரும் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டினால் கூட்டல், வர்க்கமூலம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், முதல் வரியோ கடைசி வரியோதான் தப்பாக இருக்கும். நடுவில் உள்ளதைக் கால்குலேட்டர் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் தனித்தனியாகப் படிக்கும் மூன்று பாடத்துக்கும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது: இதையே மறுபடி எடுத்தால் என்ன வரும்? அந்த 'மறுபடி'யை மனத்தில் பார்க்காமல் ஃபார்முலாவைப் பிடித்தால் ஒன்றும் ஒட்டாது.

எனக்கு இது புத்தகத்தில் புரியவில்லை, பேயின்னாங் மொத்தச் சந்தையில் புரிந்தது. அப்பா அங்கே உளுந்துத் தரகர். பெகு பக்கத்தில் நெல் அறுத்த வயலில் விதைத்த உளுந்து மூட்டை மூட்டையாக லாரியில் வந்து இறங்கும். அப்பா கையில் ஒரு குத்தூசி. சாக்கில் சாய்வாகச் செருகி ஒரு திருப்புத் திருப்பினால் அதன் பள்ளத்து வழியாக உளுந்து உள்ளங்கையில் வழியும், நாற்பது ஐம்பது மணி இருக்கும், ஊதிப் பார்ப்பார், ஒன்றைக் கடித்துப் பார்ப்பார், ஊசி நுனியாலேயே சாக்கின் ஓட்டையைக் கீறி மூடிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போவார். மூன்று மூட்டை குத்தியதில் மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் அதோடு நிறுத்திவிடுவார். ஒன்றுக்கொன்று மாறினால் பத்து, பதினைந்து என்று குத்திக்கொண்டே போவார். மாற்றம் அதிகமானால் கூறு (சாம்பிள், சோதிக்க எடுக்கும் பங்கு) பெரிதாக வேண்டும். திட்டப் பிழை என்று நீங்கள் மனப்பாடம் செய்திருக்கிறீர்களே, திட்ட விலக்கத்தை n-இன் (கூறில் உள்ள எண்ணிக்கையின்) வர்க்கமூலத்தால் வகுப்பது, அது இதைத்தான் சொல்கிறது. அப்பா வகுக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, எண்ணுக்கு வருவோம். சாக்கின் மேல் 50 கிலோ என்று அச்சடித்திருக்கிறது. 16 மூட்டையை எடுத்துத் தராசில் வைத்தோம், சராசரி 49.7 கிலோ, திட்ட விலக்கம் 0.6 என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண்கள் என்னுடையவை, கணக்கு சுளுவாக இருக்கட்டும் என்று). 16-இன் வர்க்கமூலம் 4, ஆக திட்டப் பிழை 0.15. அதாவது வேறு 16 மூட்டையை எடுத்திருந்தால் சராசரி சுமார் 0.15 கிலோ இப்படியோ அப்படியோ ஆடியிருக்கும். நமக்குக் கிடைத்த குறைவு 0.3, அந்த ஆட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. டி-மதிப்பு மைனஸ் 2.0. இதுவரை யாருக்கும் தப்பாது.

இனிமேல்தான் வினை. 'எடை 50 கிலோதான்' என்பது இன்மைக் கருதுகோள், 'இல்லை' என்பது மாற்று. 5 சதவீத மிகைகாண் நிலையில் (கருதுகோள் உண்மையாக இருந்தும் அதைத் தப்பாக நிராகரிக்க நாம் ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு) எல்லை எவ்வளவு? பழக்க தோஷத்தில் இயல்நிலைப் பரவலின் 1.96 என்று எழுதினால், 2.0 அதைத் தாண்டிவிட்டது, கருதுகோள் விழுந்தது, வியாபாரி ஏமாற்றுக்காரர். ஆனால் இங்கே திட்ட விலக்கம் வெளியிலிருந்து தெரிந்ததில்லை, அதே 16 மூட்டையிலிருந்து நாமே கணக்கிட்டது, அதுவே மறுபடி எடுத்தால் மாறக்கூடியது. ஆகவே டி-அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும், டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (கூறின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 15, எல்லை 2.131. 2.0 அதைத் தாண்டவில்லை. கருதுகோளை நிராகரிக்க முடியாது. ஒரே தரவு, ஒரே கூட்டல், அட்டவணை மாறியதால் தீர்ப்பு மாறிவிட்டது. இந்த வித்தியாசத்தைப் பிடித்தவர் வில்லியம் சீலி காசெட், டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். ஆலையில் பெரிய கூறு எடுக்க வசதி இல்லை, சின்னக் கூறை வைத்தே முடிவெடுக்க வேண்டிய நிலை. 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் அதை எழுதினார், அதனால்தான் இன்றும் ஸ்டூடன்ட் டி என்கிறோம். மாணவர்களுக்கான சோதனை என்று அர்த்தமில்லை, ஒரு பெண் என்னிடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்!

இப்போது கடைசி வரி. "எனவே மூட்டையின் சராசரி எடை 50 கிலோ" என்று எழுதினால் மதிப்பெண் போகும், போகவும் வேண்டும். 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைப் போட்டுப் பாருங்கள்: 49.7-லிருந்து 2.131 முறை 0.15, அதாவது 0.32 கூட்டியும் கழித்தும், 49.38 முதல் 50.02 வரை. 50 உள்ளே இருக்கிறது, அதனால்தான் நிராகரிக்க முடியவில்லை. ஆனால் 49.5-உம் உள்ளேதான் இருக்கிறது, 49.4-உம் இருக்கிறது. ஆயிரம் மூட்டை வாங்குகிறவருக்கு இதைச் சொல்லுங்கள்: இந்த இடைவெளிப்படி அதிகபட்சம் 20 கிலோ லாபம், இல்லாவிட்டால் 620 கிலோ வரை நஷ்டம், நடுமதிப்பாகப் பார்த்தால் 300 கிலோ குறைவு. நம் ஊர்க் கணக்கில் அது ஏறக்குறைய 184 வீசை (பர்மாவில் இன்னும் நிறுக்கிற இந்த வீசை, பெயர் தமிழிலிருந்து வந்தது, 1.63 கிலோ சொச்சம்). "வித்தியாசம் இல்லை" என்று சோதனை சொல்லிவிட்டதாக நினைத்து யாராவது பணத்தைக் கட்டுவாரா? சோதனை சொன்னது, 16 மூட்டையை வைத்துக்கொண்டு என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை என்பதை மட்டும். அதே சராசரியும் அதே விலக்கமும் 64 மூட்டையில் வந்திருந்தால் திட்டப் பிழை 0.075, டி மைனஸ் 4, இடைவெளி 49.55 முதல் 49.85, 50 வெளியே போய்விடுகிறது. இரண்டாம் வகைப் பிழை என்று பாடத்தில் வருவது இதுதான், குறை உண்மையிலேயே இருந்தும் சின்னக் கூறு அதைப் பிடிக்காமல் விட்டுவிடுவது.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு பள்ளம் இருக்கிறது. வாங்குகிறவர் நியாயமாகக் கேட்கலாம்: "எனக்கு எடை கூடினால் கவலை இல்லை, குறைந்தால்தானே?" அப்படியானால் ஒருபக்கச் சோதனை, எல்லை 1.753, மைனஸ் 2.0 அதைத் தாண்டி நிராகரிப்பில் விழுகிறது. பி-மதிப்பு (இன்மைக் கருதுகோள் உண்மையென்றால் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் வர உள்ள வாய்ப்பு, கீழே விளக்குகிறேன்) இருபக்கத்துக்கு 0.064, ஒருபக்கத்துக்கு 0.032. எது சரி? தரவைப் பார்ப்பதற்கு முன் எதை எழுதி வைத்தீர்களோ அது. பார்த்த பிறகு, 'ஐயோ 0.064 ஆகிவிட்டதே, ஒருபக்கமாக மாற்றிக்கொள்வோம்' என்பது, தாயக்கட்டையை உருட்டிப் பார்த்துவிட்டுப் பந்தயம் வைப்பது மாதிரி. கேள்வித்தாளில் 'குறைவாக உள்ளதா', 'அதிகமா' என்றிருந்தால் ஒருபக்கம், 'மாறுபடுகிறதா' என்றிருந்தால் இருபக்கம். அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டுவிட்டு எண்களைத் தொடுங்கள்.

பி-மதிப்பைப் பற்றித்தான் அதிகம் குழப்பம், அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எங்கள் தெருமுனை லாப்பேயே (பர்மிய டீ) கடையில் ஒரு பெரியவர், கன்டென்ஸ்டு மில்க் முதலில் ஊற்றினதா, டீ முதலில் ஊற்றினதா என்று குடித்தாலே சொல்லிவிடுவேன் என்று பந்தயம் கட்டினார். இது புதுக் கதை இல்லை. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி பாலைப் பற்றி இதையேதான் சொன்னார், உடன் வேலை பார்த்த ரொனால்டு ஃபிஷர் அதைச் சோதனையாக்கினார், எட்டுக் கோப்பை, நாலு இப்படி, நாலு அப்படி. நாங்களும் எட்டு வைத்தோம். பெரியவருக்கு ஒன்றுமே தெரியாது, குருட்டாம்போக்கில் நாலு கோப்பையைப் பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் இன்மைக் கருதுகோள். எட்டில் நாலைப் பிரிக்க 70 வழி. நாலும் சரியாக வர ஒரே வழி, 70-இல் 1, அதாவது 1.4 சதவீதம். நாலில் மூன்று சரியாக வர 16 வழி. பெரியவர் மூன்றைச் சரியாகச் சொன்னார், கடையே கைதட்டியது. ஆனால் 'மூன்று அல்லது அதற்கு மேல்' வர 17 வழி, 70-இல் 17 என்றால் 24 சதவீதம். ஒன்றும் தெரியாதவரும் நாலு முறைக்கு ஒருமுறை இந்த அளவு வந்துவிடுவார். அந்த 24 சதவீதம்தான் பி-மதிப்பு.

கவனியுங்கள், 'பெரியவருக்குத் தெரியாமல் இருக்க 24 சதவீத வாய்ப்பு' என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் கணக்கையே ஆரம்பித்தோம், அதன் வாய்ப்பை அதே கணக்கு எப்படிச் சொல்லும்? இரண்டையும் திருப்பிப் போடுவது நிபந்தனை நிகழ்தகவில் பிள்ளைகள் செய்யும் அதே தப்பு. நூறில் இரண்டு பேருக்கு உள்ள ஒரு நோய், உள்ளவரை 95 சதவீதம் பிடிக்கும் ஒரு பரிசோதனை, இல்லாதவரில் 5 சதவீதம் பேருக்குத் தப்பாக 'இருக்கிறது' என்று காட்டும் என்று வைப்போம். பேயிஸ் தேற்றத்தை எழுத வேண்டாம், ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்துங்கள். 20 பேருக்கு நோய், அதில் 19 பேர் பிடிபடுவார்கள். மீதி 980 பேரில் 49 பேர் வீணாகப் பிடிபடுவார்கள். ஆக 68 பேருக்கு 'இருக்கிறது' என்று வந்தது, உண்மையில் நோயாளி 19 பேர், 28 சதவீதம். நோய் இருந்தால் பரிசோதனை காட்டும் வாய்ப்பு 95, பரிசோதனை காட்டினால் நோய் இருக்கும் வாய்ப்பு 28. பரீட்சையில் இந்த வகைக் கணக்கு வந்தால் சதவீதத்தை விட்டுவிட்டு ஆள் கணக்கில் போடுங்கள், தப்பவே தப்பாது.

அடுத்து, நீங்கள் கையால் செய்தே ஆக வேண்டிய ஒன்று. கம்ப்யூட்டர் வேண்டாம், கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று நமக்கே தெரியாது. பர்ஸில் இருக்கிற ஜாட் நோட்டுகளை எடுங்கள், ஒன்பது நோட்டு, ஒவ்வொன்றின் வரிசை எண்ணிலும் கடைசி இலக்கத்தை எழுதுங்கள். 0 முதல் 9 வரை எல்லாம் சமமாக வரும் என்றால் உண்மையான சராசரி 4.5, திட்ட விலக்கம் 2.87, இது நமக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் இங்கே மட்டும் 1.96-ஐத் தைரியமாகப் போடலாம். ஒன்பதின் வர்க்கமூலம் 3, திட்டப் பிழை 0.96, இடைவெளியின் ஒரு பக்க அகலம் 1.88. நேற்று எனக்கு வந்தது 3, 8, 0, 5, 9, 1, 1, 7, 6. சராசரி 4.44, இடைவெளி 2.56 முதல் 6.32, உள்ளே 4.5 இருக்கிறது. மறுபடி வேறு ஒன்பது: 9, 7, 8, 6, 9, 2, 8, 7, 3. சராசரி 6.56, இடைவெளி 4.68 முதல் 8.44. கோட்டை விட்டுவிட்டது! நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனாலும் விட்டுவிட்டது. இப்படி இருபது முறை செய்து, இருபது கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, 4.5-இல் ஒரு செங்குத்துக் கோடு கிழித்துப் பாருங்கள். சுமார் பத்தொன்பது வெட்டும். இருபதும் வெட்டினால் ஆச்சரியப்படாதீர்கள், அதற்கும் 36 சதவீத வாய்ப்பு உண்டு.

95 சதவீதம் என்பது இந்த இருபது கோட்டுக்கும் சேர்ந்த பேச்சு. புள்ளியியலாளர் நெய்மன் 1930-களில் நம்பிக்கை இடைவெளியை வகுத்தபோது சொன்னதும் முறையைப் பற்றித்தான், ஒரு தனி இடைவெளியைப் பற்றி இல்லை. "4.68-க்கும் 8.44-க்கும் நடுவில் உண்மைச் சராசரி இருக்க 95 சதவீத வாய்ப்பு" என்று என் இரண்டாவது கோட்டைப் பார்த்து எழுதினால் எவ்வளவு அபத்தம் என்று உங்களுக்கே தெரியும், 4.5 அங்கே இல்லை என்பது கண்ணெதிரே இருக்கிறது. பரீட்சையில் உண்மை மறைந்திருக்கிறது, அதனால் அபத்தம் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒன்று மட்டும்: பாங்கிலிருந்து வந்த புதுக் கட்டை எடுக்காதீர்கள், எண்கள் வரிசையாக இருக்கும், ஒரு நோட்டைப் பார்த்தாலே அடுத்தது தெரிந்துவிடும், சார்பற்ற கூறு என்ற நிபந்தனை அங்கேயே செத்துப்போகும்.

இந்த நிபந்தனையைத்தான் எல்லாரும் 'சரி சரி' என்று தாண்டிப் போகிறார்கள், எனக்கு அதில் பட்ட காயம் உண்டு. நான் வேலை பார்த்த கிடங்கில் ஒருமுறை அட்டியின் (அடுக்கி வைத்த மூட்டைகளின்) முன்வரிசையில் மட்டும் 30 மூட்டை குத்திப் பார்த்து, அழகாக ஒரு இடைவெளி போட்டு, ஈரப்பதம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். நடு அட்டியில் இருந்தது பூராவும் ஈரம். ஃபார்முலா என்னைக் காப்பாற்றவில்லை, அதற்கு என் குத்தூசி எங்கே குத்தியது என்று தெரியாது. அப்பாவாக இருந்தால் அட்டியைப் பிரிக்கச் சொல்லியிருப்பார்.

டூடி (2D, இரண்டு இலக்க எண் சூதாட்டம்) ஆடுகிற அண்ணன்மார்களுக்காக ஒரு வரி, நிகழ்தகவுப் பயிற்சியாகவும் ஆகும். இரண்டு இலக்கம், 00 முதல் 99, வழக்கமாக 80 மடங்கு தருகிறார்கள். நூறு ஜாட் வைத்தால் சராசரியாகத் திரும்புவது 80. "இந்த நம்பர் நூறு ஆட்டமாக வரவில்லை, இனி வந்தே தீரும்" என்பார்கள். ஒரு குறிப்பிட்ட எண் நூறு ஆட்டத்தில் ஒருமுறைகூட வராமல் போக 0.99-ஐ நூறு முறை பெருக்குங்கள், 36.6 சதவீதம். மூன்றில் ஒரு எண்ணுக்கு மேல் அப்படித்தான் கிடக்கும், அடுத்த ஆட்டத்திலும் அதன் வாய்ப்பு அதே நூறில் ஒன்று. இதே பெருக்கல் சோதனைக்கும் வரும்: ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சோதனையை 5 சதவீத நிலையில் செய்தால், ஏதாவது ஒன்றாவது 'கிடைத்துவிட்டது' என்று பொய்யாகக் கத்த 64 சதவீத வாய்ப்பு.

'எதை எப்போது' என்ற உங்கள் கேள்விக்கு என் வழி கொஞ்சம் விநோதமாகத் தெரியலாம். புத்தகத்தின் பின்னால் உள்ள கணக்குகளைக் கலைத்துப் போட்டு, இருபதை எடுத்து, ஒன்றையும் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே வரி: நான் அளந்தது எடை மாதிரி எண்ணா, ஆம்-இல்லை மாதிரி பங்கா, ஒரு கூட்டமா, இரண்டா, அல்லது ஒரே பொருளை இரண்டு முறை அளந்ததா. கடைசியில் உள்ளதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். விற்பவர் தராசில் பத்து மூட்டை, நம் தராசில் அதே பத்து மூட்டை என்றால் அது இரண்டு கூறு இல்லை, பத்து வித்தியாசங்கள் கொண்ட ஒரே கூறு. மூட்டைக்கு மூட்டை எடை மாறுவது நமக்கு வேண்டாத இரைச்சல், கழித்தவுடன் அது போய்விடும், தராசின் கோளாறு மட்டும் மிஞ்சும். இதே பத்தை இரு தனிக் கூறாகப் போட்டால் அந்த இரைச்சலில் கோளாறு அமுங்கிப்போகும்.

ஆறு வாரத்தில் முதல் இரண்டு வாரம் அந்த ஜாட் நோட்டு வேலை, நடுவில் இரண்டு வாரம் இந்தக் கணக்கை வகை பிரிக்கும் வேலை, அதற்கப்புறம்தான் முழுக் கணக்கு, அதுவும் நாளைக்கு நாலு போதும். ஒவ்வொன்றிலும் கடைசி வரியை மூட்டை வாங்குகிறவருக்குச் சொல்கிற மாதிரி எழுதுங்கள், கிலோவில், ஜாட்டில், 'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்திவிட்டுப் போகாமல். முதலில் அந்த ஒன்பது நோட்டைச் செய்து, இலக்கங்களையும் வந்த இடைவெளியையும் எழுதிப் போடுங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன். 4.5 வெளியே போயிருந்தால் அழித்துவிட்டு வேறு ஒன்பது எடுக்க வேண்டாம், அதையும் அப்படியே போடுங்கள்.